ஜப்பான் வீட்டை உள்ளிருந்து அறிந்தவர்கள்

1919 டிசம்பர் 31 அன்று ஓர் இளம் தம்பதி ஜப்பானில் வந்து இறங்கினார்கள். கணவர் அன்டோனின் ரேமண்ட், பொஹீமியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கட்டடக் கலைஞர். மனைவி நோயமி, பிரான்ஸின் கான் நகரில் பிறந்த ஓவியர். டோக்கியோவில் ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிக்கொண்டிருந்த இம்பீரியல் ஹோட்டல் வேலைதான் அவர்களை அழைத்து வந்தது. மறுநாள் புத்தாண்டு. வாசல்தோறும் பைன் கிளையும் மூங்கிலும் வைத்து ஊரே அலங்கரித்துக்கொள்ளும் நேரம்.

ரைட்டிடம் செய்த வேலை நீடிக்கவில்லை. 1921-இல் ரேமண்ட் பிரிந்து வந்து தனி அலுவலகம் தொடங்கினார். நடுவில் போரையொட்டி வெளியேறியிருந்த பத்தாண்டுகளைக் கழித்தால், 1973 வரை இருவரும் வாழ்ந்தது ஜப்பானில்தான்.

1923 செப்டம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கமும் அதையடுத்த தீயும் டோக்கியோவையும் யோகோஹாமாவையும் அழித்தன. அதன்பின் ரெய்னன்சாகா பகுதியில் தங்களுக்கென்று அவர்கள் கட்டிக்கொண்ட வீடு முழுக்க கான்கிரீட். ஆனால் மழைநீர் இறங்கக் குழாய்க்குப் பதிலாகச் சங்கிலி தொங்கியது. அது ஜப்பானியக் கோயில்களிலும் வீடுகளிலும் காலங்காலமாக இருப்பது. அந்த நாட்டு மரபு வீட்டில் பாரத்தைத் தாங்குவது மரத் தூண்கள். சுவருக்குச் சுமை இல்லாததால் அதை நகர்த்தலாம், கழற்றலாம், காற்றுக்குத் திறந்துவிடலாம். தத்தாமி பாயின் அளவே அறையின் அளவைத் தீர்மானிக்கிறது. காலையில் படுக்கையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டால் படுக்கையறையே கூடமாகிவிடும். மேலைநாட்டு நவீனக் கட்டடக்கலை அப்போது எட்ட முயன்ற எளிமை, ஜப்பானியத் தச்சர்களின் கையில் ஏற்கெனவே இருந்தது. அன்றாடம் புழங்கியதால்தான் அது ரேமண்ட் தம்பதிக்குப் பிடிபட்டது என்று சொல்லலாம்.

இதில் நோயமியின் பங்கைப் பேசியே ஆக வேண்டும். நாற்காலி, மேசை, திரைச்சீலைத் துணி என அவர்களுடைய கட்டடங்களுக்குள் இருந்தவற்றில் பெரும்பகுதி அவர் வடிவமைத்தவை. ஜப்பானியக் கலையில் அவருக்கிருந்த ஈடுபாடு கணவரின் வேலையிலும் ஊறியது. ஆனாலும் நூல்களில் நெடுங்காலம் ரேமண்ட் என்றால் ஒருவர் மட்டுமே. இருவர் பெயரையும் சேர்த்துத் தலைப்பிட்ட விரிவான ஆய்வு நூல் ஒன்று வர 2006 ஆகிவிட்டது. இது பெரிய அநீதி.

டோக்கியோவின் கோடைப் புழுக்கத்துக்குத் தப்ப வெளிநாட்டவர்கள் சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்திலுள்ள கருயிசாவாவுக்குப் போவது வழக்கம். 1880-களில் பாதிரியார் அலெக்சாண்டர் ஷா தொடங்கிவைத்த பழக்கம் அது. ரேமண்ட் தம்பதி அலுவலகத்தையே அங்கே கொண்டுபோனார்கள். 1933-இல் அங்கே எழுந்த அவர்களுடைய கோடை வீட்டில் மாடிக்குப் படிக்குப் பதில் சரிவுப் பாதை. கூரை நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தது. சிலி நாட்டுக்காகக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வரைந்து, கட்டப்படாமல் போன வீட்டின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. லெ கொர்பூசியே முதலில் வருந்தினார், பிறகு சமாதானமானார். அவர் கல்லில் நினைத்ததை ரேமண்ட் உள்ளூர் மரத்தில் கட்டியிருந்தார். அந்த வீடு பின்னர் பெயர்த்து எடுக்கப்பட்டு, கருயிசாவாவிலேயே அருங்காட்சியகமாக்கப்பட்டது.

1938-இல் அவர்கள் ஜப்பானை விட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். வழியில் சில மாதங்கள் தங்கிய ஊர் புதுச்சேரி. அரவிந்தர் ஆசிரமவாசிகளுக்காக ரேமண்ட் வடிவமைத்த கோல்கோண்ட் விடுதி அப்போது எழுந்துகொண்டிருந்தது. அவரிடம் பணிபுரிந்த ஜார்ஜ் நகஷிமா முன்பே வந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏசி இல்லாமலே கோல்கோண்ட் குளிர்ச்சியாக இருப்பது எப்படி? வடக்கும் தெற்கும் பார்த்த முகப்பு முழுவதும் திறந்து மூடும் கிடைப்பலகைகள். அறைகளுக்கோ தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவுகள். அவை பார்வையை மறைத்துக் காற்றை மட்டும் விடும். ஜப்பானிய வீட்டின் பாடம் வங்கக் கடலோர வெயிலுக்கு ஏற்றபடி மாறியிருக்கிறது. இதைவிட அழகான நவீனக் கட்டடம் புதுச்சேரியில் இல்லை.

அடுத்து வருவதைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். 1943-இல் அமெரிக்க ராணுவம் உட்டா மாநிலத்தின் டக்வே பாலைவனத்தில் ஒரு போலி ஜப்பானியக் குடியிருப்பைக் கட்டியது. தீக்குண்டுகள் அந்த வீடுகளை எப்படி எரிக்கும் என்று பார்ப்பதுதான் நோக்கம். அவற்றை வடிவமைத்துக் கொடுத்தவர் அன்டோனின் ரேமண்ட். எந்த மரம் ஜப்பானிய மரத்துக்கு ஈடாகும், பாய் எங்கே விரிக்கப்படும், உள்ளே என்னென்ன சாமான் இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அங்கே சோதிக்கப்பட்ட நேபாம் குண்டுகள் 1945 மார்ச் 9 இரவு டோக்கியோ மீது விழுந்தன. ஒரே இரவில் இறந்தவர்கள் சுமார் 1 லட்சம் பேர்.

அவருடைய பிறந்த மண் 1939 முதல் ஹிட்லரின் பிடியில் இருந்தது. ஜெர்மனியின் கூட்டாளி ஜப்பான். போரைச் சீக்கிரம் முடிக்க உதவுகிறோம் என்று அவர் நம்பினார். ஜப்பானைத் தோற்கடிக்கும் கருவியாவது தனக்கும் மனைவிக்கும் எளிதாக இருக்கவில்லை என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த வேதனையை நம்பலாம். ஆனால் வேறு யாரிடமும் அவ்வளவு துல்லியமாகக் கேட்டுப் பெற முடியாத அறிவு அது. வீட்டுக்குள் இடம்கொடுத்த மனிதர்களிடமிருந்து கற்றது. அவர்களை எரிக்க அதைக் கொடுத்தது தவறு.

1948-இல் அவர்கள் டோக்கியோவுக்குத் திரும்பினார்கள். எரிந்த நகரத்தில், பட்டை உரித்த மரக்கட்டைகளையும் காகிதக் கதவுகளையும் கொண்டு அசாபு பகுதியில் வீடும் அலுவலகமும் கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்த்து மயங்கிய தகாசாகி நகரத் தொழிலதிபர் ஒருவர், வரைபடங்களை வாங்கி அதேபோல் ஒன்றைக் கட்டினார். அந்த வீட்டை இன்றும் போய்ப் பார்க்கலாம். தகாசாகியின் இசை அரங்கும் ரேமண்ட் கட்டியதுதான். ஜப்பான் அவர்களை மறுபடி ஏற்றுக்கொண்டது என்பதற்காக டக்வேயை மறந்துவிட முடியாது.

கட்டடக்கலை மாணவர்களுக்கு கோல்கோண்டைப் பற்றி வகுப்பெடுக்கும் ஆசிரியர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு உண்டு. கிடைப்பலகைகளின் அழகைச் சொல்லும் அதே வகுப்பில் டக்வே வீடுகளின் படங்களையும் காட்டுங்கள். கரும்பலகையில் ரேமண்ட் என்று எழுதும்போது, பக்கத்தில் நோயமியின் பெயரையும் எழுதுங்கள்.