பழக வேண்டியது கண்

விலை கூடிய கேமரா வாங்கினால் நல்ல படம் வந்துவிடும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. உண்மையில், முதலில் பழக்க வேண்டியது கண்ணைத்தான். பிரெஞ்சு ஒளிப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் 1932-இல் பாரிஸின் சென் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம் எடுத்த படமே இதற்குச் சான்று. தேங்கிய நீரைத் தாண்டும் ஒருவரின் குதிகால் நீரைத் தொடப்போகும் நொடி அது. அவரது பிம்பம் நீரில் தலைகீழாகத் தெரிகிறது. பின்னாலுள்ள சுவரொட்டியில் ஒரு நடனக் கலைஞர் எதிர்த்திசையில் தாவுகிறார். இன்றைய சாதாரணக் கைபேசியின் வசதிகள்கூட இல்லாத சிறிய லைக்கா கேமராவில் எடுத்த படம் அது.

வேலி இடுக்கு வழியே எடுத்த இந்தப் படம் அதிர்ஷ்டத்தால் வாய்த்ததுதானே என்று கேட்கலாம். ஒரு படத்துக்கு அதிர்ஷ்டம் போதும். வாழ்நாள் முழுவதும் அத்தகைய படங்கள் அமையப் போதாது. ஒளிப்படக் கலைஞராகப் பெயர் பெறும் முன்பே ஓவியர் ஆந்த்ரே லோத்திடம் வடிவ ஒழுங்கைக் கற்றவர் கார்த்தியே-பிரெஸ்ஸோன். விதிகள் கற்பனையை முடக்கும் என்ற வாதமும் நிற்காது. ராக இலக்கணம் தெரிந்தவர்தானே மனோதர்மத்தோடு பாட முடிகிறது? படத்தை மூன்றாகப் பகுக்கும் விதியும் அப்படித்தான். அதைக் கற்றவருக்கே எங்கே மீறலாம் என்பது தெரியும்.

கண்ணைப் பழக்கும் இந்தப் பயிற்சிக்குச் செலவில்லை. சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் பார்ப்பது, வேண்டாததை விலக்க ஓரடி நகர்வது, ஒளி எங்கிருந்து விழுகிறது என்று கவனிப்பது ஆகியவற்றைப் பள்ளி ஓவிய வகுப்பிலேயே கற்றுத்தரலாம். கற்றுத்தர வேண்டும்.