நின்றது யார்?

ஜவுளிக்கடைக் கதைகள் எல்லாம் ஒரே கதைதான். தாத்தா துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடப்பார். அப்பா கடைவீதியில் பத்துக்குப் பத்தில் ஒரு கடை பிடிப்பார். பேரன் ஏழு மாடி கட்டி, திறப்பு விழாவுக்கு நடிகையை அழைத்து வருவார். உழைப்பு, நேர்மை, குடும்ப ஒற்றுமை, சுபம். முன்பு வார இதழ்களில் வந்தது, பிறகு வாட்ஸப்பில் வந்தது. இப்போது லிங்க்ட்இன்னில் ‘ஸ்டார்ட்அப்காரர்கள் கற்க வேண்டிய ஐந்து பாடங்கள்’ என்று என்னோடு வேலை பார்க்கும் பொறியாளர்களே பகிர்கிறார்கள்.

கதை பொய் என்று நான் சொல்லவில்லை. 1928இல் சின்னசாமி செட்டி தி.நகரில் திறந்த சின்னக் கடைதான் இன்றைய நல்லி. ஆர்.எம்.கே.வி. 1924இல் திருநெல்வேலியில் தொடங்கியது. போத்தீஸின் வேர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. சரவணா ஸ்டோர்ஸ் சகோதரர்கள் தென்மாவட்டக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்தவர்கள். இவர்களால் நடந்த நல்லதும் உண்டு. ஆளைப் பார்த்து விலை சொல்லும் கடைகளுக்கு நடுவே, விலைச்சீட்டு ஒட்டிய துணியை யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கலாம் என்று ஆனது சின்ன விஷயம் இல்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கும் குடும்பங்களைப் பார்த்தால் அது புரியும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் கைத்தறி ரசிகர்களின் கட்சியில் நான் இல்லை.

என் சண்டை, ‘எப்படி வளர்ந்தார்கள்’ என்ற கேள்விக்கு அந்தக் கதை சொல்லும் பதிலோடு.

என் தொழிலில், ஒரு சிஸ்டம் பத்து மடங்கு வளர்ந்தது என்று யாராவது கிராஃப் காட்டினால், ‘லோடை யார் தாங்குனா?’ என்று கேட்போம். லோடு மாயமாக மறையாது, எங்கேயோ ஏறியிருக்கும். பத்துக்குப் பத்து கடையில் முதலாளியும் தம்பியும் மச்சானும் நின்று விற்றார்கள். ஏழு மாடிக்கு மச்சான்கள் போதாது. அங்கே நிற்கப் பத்தாவதும் பன்னிரண்டாவதும் படித்த பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். கடையே தங்க இடம் கொடுத்தது, கடையே சோறு போட்டது. ஆகவே எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பதையும் கடையே முடிவுசெய்தது.

என் பெரியம்மா மகள் மதுரையில் ஒரு பெரிய கடையின் சேலைப் பிரிவில் நாலு வருஷம் இருந்தார். “தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போனா சூப்பர்வைசர் மணி பாப்பாரு. அதனால குடிக்கிறதே இல்லடா” என்பார். கஸ்டமர் யாரும் இல்லாத மதிய நேரத்திலும் உட்காரக் கூடாது. உட்கார ஆசைப்பட்டாலும் இடம் வைத்திருக்கவில்லை. இப்போது அக்காவின் இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. லோடு எங்கே ஏறியது என்று தேடுபவர்கள் அங்கே பார்க்கலாம்.

2010இல் ‘அங்காடித் தெரு’ வந்தபோது நாம் எல்லோரும் அழுதோம். அடுத்த தீபாவளிக்கு அதே தெருவுக்குப் போய்ப் பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தோம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2008 செப்டம்பரில், அந்த ரங்கநாதன் தெருவில் ஒரு கடை தீப்பிடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். எந்த வளர்ச்சிக் கதையின் காலவரிசையிலும் அந்த வருடம் வருவதில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று தமிழ்நாட்டுக் கடைகள் சட்டம் 1947இலேயே சொல்லிவிட்டது. உட்காரும் உரிமைக்குத்தான் 2021 செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கும் முன்னோடி கேரளம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளி பி.விஜியும் கடைப் பெண்களும் முதலில் கழிப்பறைக்காகவும் பிறகு நாற்காலிக்காகவும் வருடக்கணக்கில் போராடி, 2018இல் அங்கே சட்டத்தைத் திருத்த வைத்தார்கள்.

ஒரு நாற்காலிக்குச் சட்டசபை கூட வேண்டியிருக்கிறது. ஒரு சுமாரான பட்டுச்சேலை விலைக்குப் பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கலாம். ஆக, பிரச்சினை காசு இல்லை. வாடிக்கையாளர் உள்ளே வரும்போது எதிரே ஒரு ஆள் எழுந்து நின்றுகொண்டிருக்க வேண்டும். துணியோடு சேர்த்து அந்தப் பணிவும் அங்கே விற்கப்படுகிறது. வாங்குவது நாம்தான்.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: “வேலை குடுத்தாரே, இல்லன்னா அந்தப் பொண்ணு ஊர்ல தீப்பெட்டி ஒட்டிட்டு இருந்திருக்கும்.” உண்மைதான். கடைக்கு வந்ததால்தான் கையில் காசு பார்த்தேன் என்று அக்காவே சொல்வார். ஆனால் சம்பளம் அவர் செய்த வேலைக்குத்தானே? கெண்டைக்கால் நரம்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு பதில், “நாங்க எல்லாம் ஒரே குடும்பம்.” ஐ.டி. கம்பெனியிலும் இதைக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் ஆட்குறைப்புக்கு முந்தின மாதத்தில். ஜவுளிக்கடையில் இதைச் சரிபார்ப்பது இன்னும் சுலபம். அண்ணன் தம்பிகள் பிரியும்போது கடை பிரியும், கிளைகள் பிரியும், கடைப் பெயர்கூடப் பிரியும். அந்தப் பத்திரத்தில் இருபது வருடம் மூன்றாவது மாடியில் நின்றவரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பாகப்பிரிவினையில் பங்கு உள்ளவர்தான் குடும்பம். மற்றவர்கள் தொழிலாளிகள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் எட்டு மணி நேரம் என்று கேட்கலாம், சங்கம் வைக்கலாம். பிள்ளை மாதிரி என்று சொல்லிவிட்டால் எதையும் கேட்க முடியாது.

அடுத்த கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போவீர்கள். நாற்பது சேலையை உதறிப் போடச் சொல்வீர்கள். அப்போது கவுண்டருக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். நாற்காலி இல்லை என்றால், பில் போடும் இடத்தில் நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஏன் இல்லை என்று கேளுங்கள். ஐந்து பாடம் எழுதும் நண்பர்களும் கடை எத்தனை மாடி என்று எழுதும் வரியிலேயே, மாடிக்கு எத்தனை நாற்காலி என்றும் எழுதட்டும்.