பதினொருவருக்கு மட்டுமா கழகம்?

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டுக் கரையில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரரைக் கொண்டுவந்து இறக்கினால், கோல்ஃப் மைதானம் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கேட்பார். கேட்பதில் நியாயமும் இருக்கும். உழவுக்கு உதவாத மணல், மேடும் பள்ளமுமான கரை, ஓயாத கடற்காற்று, நடுவே மேய்ந்து திரியும் கால்நடைகள். கோல்ஃப் பிறந்ததும் இப்படியொரு நிலத்தில்தான். அங்கே ஆடுகள் மேய்ந்தன, மன்னாரில் கழுதைகள் மேய்கின்றன. வேறுபாடு அவ்வளவுதான்.

ஆனால் மன்னார்த் தீவில் யாரும் கோல்ஃப் ஆடுவதில்லை. இலங்கையில் அந்த ஆட்டம் வேறு இடங்களில் வேரூன்றியது. கொழும்புக் கழகம் 1879 இல் காலிமுகத்திடலில் தொடங்கி, 1896 இல் பொரளைப் பக்கம் இடம்மாறியது. இன்றும் அதன் மைதானத்தை ஊடறுத்துக்கொண்டு களனிவெளி ரயில் போகிறது. நுவரெலியாக் கழகம் 1889 இல் உருவானது. திருகோணமலைச் சீனக்குடாவில் விமானப்படைக்கு ஒரு மைதானம் உண்டு. மன்னாருக்கு வந்ததும் பந்து பெரிதாகிக் காலுக்கு இறங்கிவிடுகிறது. பேசாலை, பள்ளிமுனை, தாழ்வுபாடு போன்ற கடற்றொழில் ஊர்களில் மாலை நாலரைக்கு மேல் விளையாட்டு என்றால் அது உதைபந்தாட்டம்தான்.

பிறகு எதற்குக் கோல்ஃப் பற்றிய பேச்சு? ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள அல்ல, கழகம் நடத்தும் முறையில் ஒன்றிரண்டு விடயங்களைக் களவெடுக்க.

கடலோர ஊர்க்கழகம் ஒன்றின் வழமையான வரலாறு இப்படிப் போகும். பத்துப் பன்னிரண்டு இளைஞர்கள் சேர்ந்து ஒரு புனிதரின் பெயரிலோ நட்சத்திரத்தின் பெயரிலோ கழகம் தொடங்குவார்கள். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவு நடக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவாவார்கள். முதல் மூன்று வருடம் மைதானம் நிறையும். பிறகு ஒருவருக்கு முழங்கால் போகும், ஒருவர் கட்டாருக்குப் போவார், இன்னொருவருக்குக் கல்யாணம். முப்பது வயதானவர் மைதானத்தின் கோட்டுக்கு வெளியே நிற்கத் தொடங்குவார். முப்பத்தைந்தில் அங்கேயும் வரமாட்டார். பெயர்ப்பட்டியலில் எண்பது பேர் இருப்பார்கள், பொதுக்கூட்டத்துக்கு ஒன்பது பேர் வருவார்கள். அந்த ஒன்பது பேரில் நாலு பேர் நிர்வாகசபையினர்.

இளைஞருக்கு அக்கறை இல்லை, எல்லாரும் கைத்தொலைபேசிக்குள் கிடக்கிறார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டால் நிர்வாகத்துக்கு வேலை மிச்சம். உண்மையில் அந்தக் கழகத்தில் ஆடும் பதினொருவரையும் மாற்று ஆட்டக்காரர் நாலைந்து பேரையும் தவிர மற்றவர்களுக்குச் செய்ய எந்த வேலையும் இருக்கவில்லை. வேலையில்லாத இடத்துக்கு யாரும் தொடர்ந்து வருவதில்லை.

கோல்ஃப் பணக்கார ஆட்டம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு கோல்ஃப் கழகத்தில் எழுபது வயதுக்காரரும் இருபத்தைந்து வயதுக்காரரும் ஒரே போட்டியில், ஒரே கிண்ணத்துக்காக மோதுகிறார்கள். அதற்கு வழி செய்வது ‘ஹேண்டிகாப்’ என்ற கணக்கு. தேர்ந்தவர் அடிக்கும் அடிகளுக்கு மேல் ஒருவர் வழக்கமாக எத்தனை அடிப்பார் என்று அவரது பழைய ஆட்டங்களை வைத்துக் கணித்து, அவ்வளவையும் சலுகையாகக் கழித்துவிடுவார்கள். உலகில் ஆறு விதமாக இருந்த இந்தக் கணக்கை 2020 இல் ஒன்றாக்கினார்கள். புதிதாகப் பழகுபவருக்குக்கூட 54 வரை சலுகை உண்டு. ஆகவே தோற்கப் போவது யார் என்பது போட்டிக்கு முன்பே தெரிவதில்லை. திறமை குன்றியவரும் தன் பழைய ஆட்டத்தைத் தானே முந்தினால் போதும், கிண்ணம் வீட்டுக்கு வரும். கிழவர்கள் ஞாயிறு தவறாமல் வருவதன் இரகசியம் இதில்தான் பெருமளவு இருக்கிறது. மீதி, ஆட்டம் முடிந்த பிறகு கிடைக்கும் தேநீரிலும் ஊர்வம்பிலும் இருக்கிறது.

உதைபந்தாட்டத்தில் அடிகளைக் கழிக்க முடியாது. வேறு வழிகள் உண்டு. இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்ட் நகரக் கழகத்தோடு சேர்ந்த அறக்கட்டளை 2011 இல் நடந்தபடி ஆடும் உதைபந்தாட்டத்தைத் தொடக்கியது. ஓடினால் தவறு, அவ்வளவுதான் முக்கிய விதி. ஐம்பது தாண்டியவர்களுக்கென்று தொடங்கியது இன்று பல நாடுகளில் ஆடப்படுகிறது. நாற்பது தாண்டியவர்களுக்கு மாதம் ஒருமுறை ஏழு பேர் ஆட்டம், திருவிழாக் காலத்தில் திருமணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் இடையே ஒரு போட்டி, தகப்பனும் மகனும் ஒரே அணியில் ஆடவேண்டும் என்ற நிபந்தனையோடு இன்னொன்று. இவற்றுக்குச் செலவு ஒரு பந்தும் நாலு கம்பும். முழங்கால் போனவருக்கு நடுவர் விசில், கணக்குத் தெரிந்தவருக்கு வரவு செலவுப் புத்தகம், குரல்வளம் உள்ளவருக்கு ஒலிவாங்கி. ஆடாத ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும்.

இங்கே மன்னார்க் கரையின் பழைய பழக்கம் ஒன்றை நினைவூட்டலாம். கரைவலையில் வலையும் வள்ளமும் சம்மாட்டியுடையவை. ஆனால் இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுப்பவர்கள் எல்லாருக்கும் பிடிபட்ட மீனில் பங்கு உண்டு. வலை கரையேறும் நேரம் ஊரில் பாதி அங்கே நிற்கும். பின்னர் வடக்கின் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொடங்கியது. வலை கரைக்கு வந்தது, ஆட்கள்தான் வரவில்லை. ஊர்க்கழகங்களுக்கு வெளிநாட்டுப் பணம் செய்ததும் இதுதான். கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சீருடையும் சப்பாத்தும் சுற்றுப்போட்டிக்குப் பரிசுத் தொகையும் வருகின்றன. அனுப்புபவர்களின் ஊர்ப்பற்றில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அந்தப் பணம் வரத் தொடங்கியதும் மாதச் சந்தா சேர்ப்பது நின்றுபோகிறது. ஐம்பதோ நூறோ சந்தா கொடுத்தவர், பந்து ஏன் இத்தனை விலைக்கு வாங்கப்பட்டது என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்பார். ஒன்றும் கொடுக்காதவர் எதைக் கேட்பது?

ஜெர்மனியில் பெரும் பணம் புரளும் தொழில்முறைக் கழகங்களே இந்த ஆபத்தைப் பார்த்து விதி செய்து வைத்திருக்கின்றன. 1998 முதல், முதலீட்டாளர் எவ்வளவு கொட்டினாலும் வாக்குப் பலத்தில் பாதிக்கு மேல் கழக உறுப்பினர்களிடமே இருக்கவேண்டும். விலக்குகள் ஒன்றிரண்டு உண்டு. ஆனாலும் டொர்ட்மண்டில் அரங்கு நிறைந்து வழிவதற்கும் இந்த விதிக்கும் தொடர்பு இருக்கிறது. தாழ்வுபாட்டுக்கு அவ்வளவு பெரிய சட்டம் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் தொகை எவ்வளவாயினும் உள்ளூர் உறுப்பினரின் சந்தா கட்டாயம் என்று யாப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

சந்தாவையும் கடலைப் பார்த்துத்தான் கேட்கவேண்டும். கச்சானும் சோழகமும் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும், தென்கரையில் கை வரண்டிருக்கும். அந்த நேரம் ஆண்டுச் சந்தாப் புத்தகத்தோடு வீட்டு வாசலில் நின்றால் கிடைப்பது தண்ணீர் மட்டுமே. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியபோது படகு இறக்கவே வழியில்லாமல் நின்றவர்களிடம் எந்தக் கழகம் என்ன கேட்டிருக்க முடியும்? கடல் அடங்கிய மாதங்களில் தவணையாக வாங்குவதும், முடியாதவர் மைதானத்தில் அரைநாள் வேலை செய்து கழித்துக்கொள்ள விடுவதும் கடற்கரைக்குப் பொருந்தும். காசு குறைந்தாலும் ஆள் குறையாது.

நிர்வாகம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குத் தூரத்து உதாரணம் தேவையில்லை. நிர்வாகத் தேர்தலும் வெளியார் தலையீடும் பற்றிய இழுபறியில் 2023 ஜனவரியில் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்தை ஃபிஃபா இடைநிறுத்தியது. தடை நீங்க ஓகஸ்ட் கடைசியாயிற்று. கதிரைச் சண்டை கொழும்பில், சர்வதேச ஆட்டமின்றி நின்றவர்கள் நாடெங்கிலும் இருந்து வந்த ஆட்டக்காரர்கள். தேசியமட்டத்தில் நடந்ததன் சிறு பிரதி எத்தனையோ ஊர்க்கழகங்களில் நடந்து, ஒன்று இரண்டாகப் பிளந்திருக்கிறது. ஆண்டுக்கொருமுறை வரவு செலவை ஆலய முன்றலில் ஒட்டுவதற்கு ஒரு தாளும் கொஞ்சம் பசையும் போதும்.

இனிப் பெண்கள். உறுப்பினர் குறைகிறார்கள் என்று அழும் கழகம் ஊரில் பாதிப் பேரைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டிருப்பது விசித்திரம். எடின்பரோவுக்குப் பக்கத்தில் மஸல்பரோ என்ற கடலோர ஊர். அங்குள்ள கோல்ஃப் கழகம் 1810 டிசம்பரில் ஒரு தீர்மானம் எழுதி வைத்தது. புதுவருடத்தையொட்டி மீன் விற்கும் பெண்களுக்குள் போட்டி நடத்தி, சிறந்த ஆட்டக்காரிக்குப் புது மீன்கூடையும் சால்வையும் கொடுப்பது என்பதே அது. முதுகில் மீன்கூடை சுமந்து எடின்பரோத் தெருக்களில் விற்ற பெண்கள் அவர்கள். பெண்களுக்கான கோல்ஃப் போட்டி பற்றிய முதல் பதிவாகச் சொல்லப்படுவது சீமாட்டிகளைப் பற்றியதல்ல, இந்த மீன்காரப் பெண்களைப் பற்றியது.

இருநூறு வருடங்களுக்கு முன் அங்கே தோன்றிய யோசனை இங்கே வர அவ்வளவு கடினமா? தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் பாடசாலை உதைபந்தாட்டத்தில் பலமுறை சம்பியனாகியிருக்கிறார்கள். வடக்கில் பெண்பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடமாட்டார்கள் என்ற பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. பிரச்சினை பாடசாலைக்குப் பிறகுதான். சாதாரணதரமோ உயர்தரமோ முடித்த பெண்ணைக் கழகத்துக்குள் எடுக்க ஊர்ப்பெரியவர்கள் தயங்குகிறார்கள். வாரத்தில் இரண்டு மாலை மைதானத்தை முழுமையாகப் பெண்களுக்கு ஒதுக்கி, பொறுப்பைப் பழைய வீராங்கனை ஒருவரிடம் கொடுத்தால் தயக்கம் மெல்லத் தேயும். நிர்வாகசபையில் இரண்டு இடமாவது பெண்களுக்கு வேண்டும், பொருளாளர் பதவி என்றால் இன்னும் நல்லது. மாதர் சங்கங்களின் சிறுசேமிப்புக் கணக்கைச் சதம் பிசகாமல் வைத்திருப்பவர்கள் அவர்கள்தானே.

மைதானக் காணியின் கதை தனிக் கதை. கோல்ஃபின் தாய்வீடு எனப்படும் சென்ற் அன்ட்ரூஸில் மைதானம் எந்தக் கழகத்துக்கும் சொந்தமில்லை, அது ஊர்ப் பொதுநிலம். 1974 முதல் சட்டப்படி அமைந்த ஓர் அறநிதியம் அதை நிர்வகிக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மைதானத்தில் ஆட்டம் இல்லை, ஊர்மக்கள் நாயோடு உலாவுகிறார்கள். அந்த நிலமும் ஒருமுறை கைநழுவியது. கடனில் மூழ்கிய நகரசபை 1797 இல் அதை முயல் வளர்ப்பவர்களுக்கு விட்டுவிட, முயல்கள் புல்தரையைக் குடைந்து தள்ளின. வழக்கும் கைகலப்புமாக இருபத்துநாலு வருடம் போயிற்று. 1821 இல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலக்கிழார் நிலத்தை வாங்கி முயல்களிடமிருந்து மீட்டார்.

சென்னைக் கிண்டியில் நடந்தது இதற்கு நேர்மாறு. நாற்பதுகளில் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்ட 160 ஏக்கரைக் குதிரைப் பந்தயக் கழகத்திடமிருந்து 2024 செப்டெம்பரில் தமிழக அரசு திரும்ப எடுத்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய் சொச்சமாக இருந்த நிலம். ஜிம்கானாக் கழகத்தின் கோல்ஃப் மைதானமும் அதற்குள்தான். உள்ளே கால்வைக்க வாய்க்காத நகரத்தார் பலர், குளமும் பூங்காவும் வரப்போகின்றன என்று கேட்டு மகிழவே செய்தார்கள்.

மன்னார்த் தீவின் தென்கரையில் இப்போது முயலுக்குப் பதில் காற்றாலைகள். 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனித் திட்டத்தில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். மேலும் கோபுரங்களும் இல்மனைற் மணல் அகழ்வும் வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மின்சாரம் தேவையா என்ற வாதம் வேறு இடத்துக்கு உரியது. மணலுக்கு விலை வந்துவிட்ட தீவில், பிள்ளைகள் பந்தடிக்கும் வெளி எழுத்தில் யாருடையது என்று ஒவ்வொரு கழகமும் இந்த வருடமே பார்த்துவிடுவது நல்லது. சில வெளிகள் ஆலயக் காணி, சில பிரதேச சபையுடையவை, சில வெறும் வாய்ப்பேச்சில் நிற்பவை. சபைக்கோ செயலகத்துக்கோ போகும் மனுவில் ஆட்டக்காரர் பதினைந்து பேரின் கையெழுத்து மட்டும் இருந்தால் அது ஒரு கோவைக்குள் தூங்கும். மூத்தவர்களும் பெண்களும் பங்குத்தந்தையும் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து ஒப்பமிட்டால் அதிகாரி அதைப் படித்தே ஆகவேண்டும். அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் கிண்ணப் போட்டித் திகதிக்கு முன்னால் காணி விடயம் வரட்டும். அதற்கு அழைப்பிதழ் கொடுக்கும்போது, ஆட்டத்தை விட்டு ஒதுங்கியவர்களின் வீடுகளுக்கு முதலில் போகலாம்.