பாலை நிறுத்தினால் பேச்சு வருமா? ஓட்டிசப் பிள்ளைகளின் பெயரால் நடக்கும் வாணிபம்

"பாலை நிப்பாட்டிப் பாருங்கோ, பிள்ளை கதைக்கத் தொடங்கும்." "கோதுமை மாவை வீட்டுக்குள்ளையே எடுக்காதேங்கோ, ஆறு மாசத்திலை வித்தியாசம் தெரியும்." புலம்பெயர் நாடுகளில் ஓட்டிசம், அதாவது மதியிறுக்கம், உள்ள பிள்ளையைப் பெற்ற தமிழ்த் தாய்மாருள் இத்தகைய அறிவுரையைக் கேளாதவர் அரிது. வைத்தியர் கூறிய சொல்லின் பொருளை அவர் விளங்கிக்கொள்வதற்கு முன்னரே, கோயில் மண்டபத்திலும் பிறந்தநாள் விழாவிலும் ஆயிரம் வைத்தியர்கள் முளைத்துவிடுகின்றனர்.

அப்பெற்றோரைக் குறைகூறுவதற்காக இக்கட்டுரை எழுதப்படவில்லை. எமது குற்றச்சாட்டு இரு சாரார் மீதானது. பெற்றோரின் தவிப்பைக் காசாக்கும் வணிகர்கள் ஒரு சாரார். அத்தவிப்பில் அவர்களைத் தனியே விட்டு ஒதுங்கி நிற்கும் நாம் மறு சாரார்.

பெற்றோர் நிபுணர்களை ஐயுறுவதற்கு நியாயம் உண்டு. 1943 ஆம் ஆண்டு லியோ கனர் இந்நிலையை விவரித்து எழுதிய பின்னர், தாயின் அன்பின்மையே இதற்குக் காரணம் என்று இரண்டு தசாப்தங்களுக்கு மேலாக மேற்குலகில் போதிக்கப்பட்டது. புரூனோ பெட்டல்கைம் போன்றோர் அக்கருத்தைப் பரப்பினர். ஓட்டிசம் உள்ள மகனின் தந்தையான பேர்னாட் ரிம்லண்ட் என்ற உளவியலாளரே 1964 இல் நூலொன்றின் மூலம் அப்பழியைத் தகர்த்தார். ஆனால் அதே ரிம்லண்ட் பிற்காலத்தில் முன்னின்று நடத்திய இயக்கமே உணவு விலக்கையும் நிரூபிக்கப்படாத பல சிகிச்சைகளையும் வீடுதோறும் கொண்டுசென்றது. நிபுணரிடம் கேள்வி கேட்ட பெற்றோர், விற்பனையாளரிடம் அதே கேள்வியைக் கேட்கத் தவறியதே அங்கு நேர்ந்த பிழை.

இனி உணவு விடயத்திற்கு வருவோம். கோதுமையிலுள்ள குளூட்டனும் பாலிலுள்ள கேசீனும் முழுமையாகச் செரியாமல், குடற்சுவரைக் கடந்து குருதியிற் கலந்து, அபின் போன்று மூளையைத் தாக்குகின்றன என்பதே இவ்விலக்கின் அடிப்படைக் கோட்பாடு. கேட்பதற்கு அது பொருத்தமாகவே தோன்றும். ஆனால் சோதனையில் நின்றதா? அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இவ்விலக்கைக் கடைப்பிடித்த 14 பிள்ளைகளுக்கு, குளூட்டனும் கேசீனும் கலந்த தின்பண்டங்களையும் கலவாத தின்பண்டங்களையும் மாறிமாறிக் கொடுத்தனர். எது எப்போது கொடுக்கப்பட்டது என்பது பெற்றோருக்கும் தெரியாது, பிள்ளையை அவதானித்தவர்களுக்கும் தெரியாது. நடத்தையிலோ, உறக்கத்திலோ, மலம் கழித்தலிலோ வேறுபாடு காணப்படவில்லை. 14 பேர் சிறு தொகையே என்று வாதிடலாம். குணமாகும் என்று கூறிப் பணம் பெறுபவரல்லவா அதனை நிரூபிக்க வேண்டும்? பிரித்தானியப் பொதுச் சுகாதார சேவைக்கு வழிகாட்டும் நைஸ் நிறுவனம், ஓட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளை மாற்றுவதற்காக இவ்விலக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2013 ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்திவிட்டது.

"எங்கள் பிள்ளையில் மாற்றத்தைக் கண்ணாற் கண்டோமே" என்பர் சிலர். அவர்கள் பொய் சொல்லவில்லை. 1998 இல், செக்ரெட்டின் என்ற செரிமானச் சுரப்பை ஏற்றியதும் மூன்று பிள்ளைகள் முன்னேறினர் என்ற செய்தி பரவியது. உலகெங்கும் பெற்றோர் அம்மருந்தைத் தேடி அலைந்தனர். 1999 இல் முறையான சோதனையொன்று வெளியானது. ஒரு சாராருக்குச் செக்ரெட்டினும் மறு சாராருக்கு வெறும் உப்புநீரும் ஏற்றப்பட்டன. இரு சாராரும் ஒரே அளவு முன்னேறியதாகவே காணப்பட்டனர். பிள்ளை தன் இயல்பில் வளர்கிறது. நம்பிக்கையுடன் உற்றுநோக்கும் தாய் அவ்வளர்ச்சியைக் காண்கிறார். பெருமையோ மருந்துக்குப் போகிறது. பயனில்லை என்று அறிவித்த பின்னரும் அப்பெற்றோரில் மூன்றில் இரு பங்கிற்கு மேற்பட்டோர் அதில் ஆர்வம் காட்டினர். நம்பிக்கையின் வலிமை அத்தகையது. வணிகர்களின் மூலதனமும் அதுவே.

பாலை நிறுத்தியதும் அமைதியடையும் பிள்ளைகளும் உண்டு. பாலின் வெல்லம் செரியாமல் வயிறு நொந்த பிள்ளை, அந்நோவைச் சொல்லத் தெரியாமல் தலையைச் சுவரில் மோதியிருக்கலாம். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மலச்சிக்கலும் வயிற்று நோவும் அதிகம். அவை பரிசோதித்துக் குணப்படுத்த வேண்டிய உடல் நோய்கள். கோதுமைப் புரதம் குடலைச் சிதைக்கும் சீலியாக் நோய் இருக்குமோ என்று ஐயுற்றால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்னரே குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும். நிறுத்திய பின்னர் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்றே முடிவு வரக்கூடும். இதனை விற்பனையாளர் எவரேனும் எமது தாய்மாருக்குக் கூறினாரா?

நான்கைந்து உணவுகளை மட்டுமே வாயில் வைக்கும் பிள்ளையிடமிருந்து பாணையும் பாலையும் தயிரையும் பறித்தால் எஞ்சுவது என்ன? பாலை விலக்கிய ஓட்டிசச் சிறுவர்களின் எலும்புகள் கூடுதலாக மெலிந்திருந்ததை 2008 இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது.

உணவோடு நின்றாலும் பரவாயில்லை. அது வாசற்படி மட்டுமே. உடலிலுள்ள உலோகங்களை அகற்றுவதாகக் கூறும் 'கீலேஷன்' மருந்தேற்றத்தின் போது, 2005 ஆகஸ்டில் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் குருதியிற் கல்சியம் வீழ்ந்து, இதயம் நின்று உயிரிழந்தான். வெளிற்றித் திரவத்திற்கு ஒப்பான குளோரீன் டையொக்சைட்டைப் பிள்ளைகளுக்குப் பருக்குவோர் குறித்து அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010 இலும் 2019 இலும் எச்சரிக்க நேர்ந்தது.

போரினால் ஏதிலிகளான மற்றொரு சமூகத்தின் கதை எமக்குப் பாடமாக வேண்டும். மினசோட்டாவில் வாழும் சோமாலியப் பெற்றோர் தம் பிள்ளைகளிடையே ஓட்டிசம் பெருகுவதாக அஞ்சி விடை தேடினர். விடை கிடைக்காத அவ்விடத்திற்குச் சென்றவர் அன்ட்றூ வேக்ஃபீல்ட். தடுப்பூசியை ஓட்டிசத்துடன் இணைத்து 1998 இல் அவர் எழுதிய கட்டுரையை 'லான்செற்' இதழ் 2010 இல் மீளப் பெற்றது. அவ்வாண்டே மருத்துவப் பதிவிலிருந்தும் அவர் நீக்கப்பட்டார். 2004 இல் 92 வீதமாக இருந்த சோமாலியக் குழந்தைகளின் சின்னமுத்துத் தடுப்பூசி வீதம் 2014 இல் 42 ஆகச் சரிந்தது. 2017 இல் சின்னமுத்து பரவியபோது பாதிக்கப்பட்டோரிற் பெரும்பாலானோர் அச்சமூகத்தின் பிள்ளைகளே. ஓட்டிசம் மட்டும் குறையவில்லை.

வெற்றிடம் எங்குண்டோ அங்கு வணிகன் நுழைவான். ஒன்ராறியோவில் 2023 ஆம் ஆண்டளவில் அரசின் ஓட்டிசத் திட்டத்தில் 60,000 க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பதிவாகியிருந்தனர். சிகிச்சை நிதி கிட்டியோர் அவர்களுள் ஒரு பகுதியினரே. ஆண்டுக்கணக்கில் வரிசையில் நிற்கும் தாய்க்கு, நாளையே தொடங்கலாம் என்று அழைப்பவன் தெய்வமாகத் தோன்றுவதில் வியப்பென்ன? 2019 மார்ச்சில் பெற்றோர் குயீன்ஸ் பார்க் முன்றலில் திரண்டனர். பின்னர் அரசு தன் திட்டத்தை மாற்ற நேர்ந்தது. எத்தனையோ நீதிக்காக வீதியில் இறங்கப் பழகிய எமது அமைப்புகளின் நிகழ்ச்சி நிரலில் இப்பிள்ளைகளுக்கு ஒரு வரியேனும் உண்டா?

நாம் செய்வதெல்லாம் விலக்குவதே. உணவை விலக்குகிறோம். அக்காவின் கல்யாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று பிள்ளையைச் சபையிலிருந்து விலக்குகிறோம். இரு மொழி குழப்பும் என்று எவரோ கூறியதை நம்பித் தமிழையும் விலக்குகிறோம். இருமொழிச் சூழல் ஓட்டிசப் பிள்ளையின் மொழி வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதற்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. அம்மம்மாவின் மொழியை இழந்த பிள்ளை அம்மம்மாவையே இழக்கிறது.

எமது கோரிக்கைகள் எளியவை. ஓட்டிசம் பற்றிய நம்பகமான தகவல்கள் தமிழில் வெளியிடப்பட வேண்டும். தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளர்களையும் உணவியலாளர்களையும் உருவாக்க மாணவர் உதவிநிதி ஒதுக்கப்பட வேண்டும். கோயில்களும் தமிழ்ப் பள்ளிகளும் இப்பிள்ளைகளுக்கு இடமளிக்க வேண்டும். வரிசையைக் குறைக்குமாறு அரசை வற்புறுத்தும் குரலில் எமது அமைப்புகளின் குரலும் சேர வேண்டும்.

பெற்றோரே, எவர் எதனை விற்க வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்தச் சோதனையில் இது நிரூபிக்கப்பட்டது? தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு? எந்த அறிகுறி கண்டால் நிறுத்தச் சொல்வீர்கள்? விடை தராதவரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். அந்தப் பணம் உங்கள் பிள்ளைக்கு உரியது.

உறவுகளே, அறிவுரை கூறியது போதும். ஒரு மாலைப்பொழுது அப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தாய் சற்றே உறங்கட்டும்.