நாற்பத்தெட்டு மடையும் அடைபட வேண்டும்

“ஃபார்மட் போட்டுத்தானே விற்கிறேன், அதற்குமேல் என்ன பயம்?” என்று கேட்கிறார் எங்கள் ஆர்.எஸ்.மங்கலத்தில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கும் அண்ணன் ஒருவர். ஹார்ட் டிஸ்க்கை முழுமையாக அழிக்கச் சொல்வது வீண் பீதி என்பது அவர் கட்சி. ஊராரின் தாள்களைச் சந்தையில் கொட்டும் பேச்சு இது.

அவர் கைக்கு வருபவை யாருடைய டிஸ்க்குகள்? ஜெராக்ஸ் கடை, ஸ்டூடியோ, சான்றிதழுக்கு மனுப் போட்டுக் கொடுக்கும் கடை, மிளகாய்க் கமிஷன் கடை. சாதிச் சான்றுக்கு ஸ்கேன் செய்த ஆதார், பயிர்க் காப்பீட்டுக்குக் கொடுத்த அடங்கலும் பாஸ்புக்கும், வளைகுடாவுக்குப் போன பிள்ளைகளின் பாஸ்போர்ட் பக்கம், எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டிஸ்க் கைமாறியதே அந்த மக்களுக்குத் தெரியாது. அண்ணன் தன் சொத்தை வைத்துத் துணிச்சல் காட்டட்டும். இது அவர் சொத்தல்ல.

குவிக் ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கைத்தான் கலைக்கிறது. அடங்கல் ஏட்டைக் கிழித்துவிட்டால் வயலில் நிற்கும் மிளகாய்ச் செடி மறைந்துவிடுமா? ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளே படங்களை மீட்டுவிடும். 2003-இல் சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலட் என்ற எம்.ஐ.டி. மாணவர்கள் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. அவர்கள் வாங்கிய 158 பழைய டிஸ்க்குகளில் இயங்கியவை 129. ஒழுங்காக அழிக்கப்பட்டிருந்தவை 12.

“அப்படியானால் 35 தடவை மேலே எழுதி அழிக்கிறேன்” என்பது அவருடைய அடுத்த பதில். 1996-இல் 35 முறை எழுதும் வழியைச் சொன்ன பீட்டர் குட்மனே, எல்லா டிஸ்க்குக்கும் அத்தனை முறை தேவையில்லை என்று பிறகு எழுதிவிட்டார். கண்ணுக்குத் தெரியும் பகுதியில் எத்தனை தடவை எழுதினாலும் தெரியாத பகுதியை அது தொடாது.

அண்ணன் பேசாமல் தாண்டிப்போகும் இடம் இதுதான். 500 ஜி.பி. டிஸ்க்கின் லேபிளில் பெரும்பாலும் 976773168 என்ற செக்டார் எண்ணிக்கை அச்சாகியிருக்கும். டிஸ்க்குக்கு ஒரே ஒரு கட்டளை கொடுத்து, அதைவிடக் குறைந்த அளவைச் சொல்லவைக்கலாம். மறைந்த அந்த வால்பகுதிக்கு எச்.பி.ஏ. என்று பெயர். அதற்கும் கீழே டி.சி.ஓ. என்று இன்னொரு மறைப்பு உண்டு. விண்டோஸ் இவற்றைக் காட்டாது. சாதாரண அழிப்பு மென்பொருள் சொன்ன அளவோடு நின்றுவிடும். “அங்கே கம்பெனியின் ரெக்கவரிதானே இருக்கும்” என்கிறார். பல லேப்டாப்களில் அது உண்மைதான். ஆனால் பல வருடம் முழு அளவில் ஓடிய டிஸ்க்கின் அளவைப் பிறகு ஒருவர் குறைத்திருந்தால், அந்த வாலில் முன்பு எழுதியது அப்படியே கிடக்கும். கெட்டுப்போய் ஒதுக்கப்பட்ட செக்டார்களும் இப்படித்தான். 512 எழுத்து கொள்ளும் ஒரு செக்டாரில் பெயர், விலாசம், வங்கிக் கணக்கு எண் எல்லாம் அடங்கும்.

எங்கள் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்பார்கள். நாற்பத்தேழை அடைத்துவிட்டுத் தண்ணீர் பத்திரம் என்று எந்த மடையரும் சொன்னதில்லை.

செய்ய வேண்டிய வேலை ஒன்றும் மலையல்ல. லினக்ஸில் எச்.டி.பார்ம் என்ற கருவி இருக்கிறது. முதலில் எச்.பி.ஏ.வை விலக்கு, பிறகு டி.சி.ஓ.வை. அதன்பின் டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் செக்யூர் எரேஸ் கட்டளையைக் கொடு. ‘என்ஹான்ஸ்டு’ வகை இருந்தால் அதையே கொடு, ஒதுக்கிய செக்டார்களையும் அழிப்பது அதுதான். யு.எஸ்.பி. கேஸில் போட்டுச் செய்யாதே, நேரே சாட்டாவில் மாட்டு. ‘ஃப்ரோசன்’ என்று மறுத்தால் கம்ப்யூட்டரை ஒருமுறை தூங்கவைத்து எழுப்பு, பெரும்பாலும் வழிவிடும். எஸ்.எஸ்.டி.யில் மேலே எழுதுவதை நம்பவே கூடாது. ஓடாத டிஸ்க்கை விற்காதே, தட்டை உடை.

இவ்வளவு மெனக்கெட லாபம் இடம் கொடுக்காதாம். அமெரிக்காவின் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனமும் தகவல் அழிப்பில் அனுபவமே இல்லாத சாமான் ஏற்றும் கம்பெனியிடம் ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளைக் கொடுத்தது. சில, வாடிக்கையாளர் விவரங்களோடு ஏலத்துக்குப் போயின. 2022 செப்டம்பரில் அதற்கு விழுந்த அபராதம் 3.5 கோடி டாலர். இங்கே ஆதார் நகலைப் பறிகொடுத்த மிளகாய் விவசாயிக்காக வழக்குப் போட யார் இருக்கிறார்கள்?

விற்கும் ஒவ்வொரு டிஸ்க்கின் பில்லிலும் இரண்டு எண்கள் எழுதுங்கள் அண்ணே: லேபிளில் உள்ள செக்டார் எண்ணிக்கை, அழித்தபின் டிஸ்க் சொன்ன எண்ணிக்கை. இரண்டும் ஒன்றாக இல்லாத டிஸ்க் உங்கள் கடைப்படி தாண்டக் கூடாது.