ஏலம் போகும் நாற்காலி

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பெருமையாகச் சொன்னார்: "எங்க ஊர்ல எலெக்ஷனே கிடையாதுங்க. ஊர்க் கூட்டம் போட்டு, கோயிலுக்கு யார் அதிகம் தர்றாங்களோ அவரையே தலைவர் ஆக்கிடுவோம். சண்டை இல்லை, செலவு இல்லை. அந்தக் காலத்து வழக்கம்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எந்தக் காலத்து வழக்கம்? பழம்பெருமை பேசுகிறவர்கள் உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டவை அவை. அந்த ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்கக் கூடாது. அதை முழு ஜனநாயகம் என்று நான் சொல்லவில்லை. அது பிராமணர் சபை. நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் கேட்டது. ஆனாலும் அந்தக் குடத்தில் பணம் போட இடம் இல்லை.

பரம்பரையாக வந்த கிராம முன்சீப், கர்ணம் பதவிகளையே 1980இல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் 1982இல் அரசின் பக்கமே தீர்ப்பானது. அப்பன் பதவி மகனுக்கு இல்லை என்றான பிறகு, பணம் உள்ளவனுக்கு மட்டும் எப்படிப் பாத்தியதை வரும்?

1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே ஒரு மனு மிஞ்சினால் போட்டியின்றி வென்றதாக அறிவிக்கலாம், அது சரி. ஆனால் மற்றவர்களை மனுப் போடவிடாமல் தடுப்பதும், விலகிக்கொள்ளப் பணம் கொடுப்பதும் குற்றம். பணம் கோயிலுக்குத்தானே போகிறது என்றால் குற்றம் புண்ணியம் ஆகிவிடாது. லட்சக்கணக்கில் ஏலம் எடுத்தவர் அதை எங்கிருந்து திரும்ப எடுப்பார்? நம் தெருக் குழாயிலும் சாக்கடைக் கால்வாயிலும்தான்.

இதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. தனித் தொகுதி என்றால், ஏலம் எடுத்தவர் தன் தோட்டத்தில் வேலை செய்பவரை நிறுத்திவிட்டுத் தானே ஆளலாம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் என்ன நடந்தது? மனுப் போட ஆள் இல்லை. போட்டு வென்றவரும் உடனே ராஜினாமா. அதையும் "ஊர் முடிவு" என்றுதான் சொன்னார்கள். 2006இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில், ஓட்டு வாங்கி வென்ற தலைவர் முருகேசனும் உடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த நாற்காலிக்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். அதை இன்று கோபுரத்துக்கும் குடமுழுக்குக்கும் ஏலம் விடுகிறோம்.

"தேர்தல் வந்தால் ஊர் இரண்டுபடும்" என்பார்கள். படட்டுமே! பேசாத சேரியும் கேட்கப்படாத பெண்களும் சேர்ந்திருப்பதற்குப் பெயர் ஒற்றுமை அல்ல. ஓட்டுப் போட்டுத் தோற்றவன் ஐந்து வருஷம் கேள்வியாவது கேட்பான். ஏலத்தில் போன ஊரில் கேட்க யார் இருக்கிறார்கள்?

பந்தியில் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "உங்க ஊர்க் கூட்டத்துல பெண்கள் எத்தனை பேருங்க?" அவர் பாயசம் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.