அண்ணன் தம்பிக் கடையும் முப்பது சதவீத வரியும்

மும்பையிலோ தில்லியிலோ நம்மவர் நடத்தும் மளிகைக் கடை, மெஸ், அரிசி மண்டி என்று எதை எடுத்துக்கொண்டாலும், அதற்குப் பின்னால் அநேகமாக ஓர் அண்ணன் தம்பி கதை இருக்கும். முதலில் வந்தவர் ஒருவர். கடை சற்றுக் காலூன்றியதும் தம்பியை வரவழைப்பார். பிறகு மச்சான் வருவார். பகடிப் பணத்துக்கு மூன்று வீட்டு நகையும் அடகுக்குப் போகும். ஒருவர் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனால் மற்றவர் கல்லாவில் உட்காருவார். 1932ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் கூட்டு வாணிபம் என்கிறது. நாம் பார்ட்னர்ஷிப் என்கிறோம்.

இந்தக் கூட்டுக்கு வருமான வரி போடும் முறை நியாயமாக இல்லை என்பது என் கட்சி.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2025-26 நிதியாண்டில், ஒருவர் தம் சொந்தப் பெயரில் கடை வைத்து 12 லட்சம் ரூபாய் லாபம் பார்த்தால், புதிய முறையில் அவர் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லை. அதே 12 லட்சத்தை அண்ணனும் தம்பியும் கூட்டாகச் சம்பாதித்தால் கதை வேறு. கூட்டு நிறுவனத்துக்கு விலக்கு வரம்பு என்பதே கிடையாது; முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். உழைக்கும் பங்குதாரர்களுக்குச் சம்பளம் என்று ஒரு தொகையைக் கழித்துக்கொள்ளலாம். முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம் என்பது 2024ஆம் ஆண்டு பட்ஜெட் உயர்த்திக் கொடுத்த வரம்பு. அதன்படி 9 லட்சம் கழியும். மீதி 3 லட்சத்துக்கு வரி 93,600 ரூபாய். ஆளுக்கு 6 லட்சம் வருமானமுள்ள இரண்டு குடும்பங்கள், சேர்ந்து உழைத்த குற்றத்துக்காகக் கட்டும் தொகை இது.

இன்னும் மோசமானது, கணக்குப் புத்தகம் வேண்டாம் என்று எளிய வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிலை. ரொக்க வியாபாரத்தில் விற்றுமுதலின் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் போதும், வங்கி வழியாக வந்த பணத்துக்கு 6 சதவீதம் போதும் என்று சிறு வியாபாரிகளுக்கு ஒரு சலுகை உண்டு. ஒரு கோடி ரூபாய் ரொக்க விற்பனை என்றால் லாபம் 8 லட்சம். தனியாள் கடைக்கு வரி பூஜ்யம். கூட்டுக் கடைக்கோ 2,49,600 ரூபாய்! 2016ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வரும்வரை, அந்த 8 சதவீதத்திலிருந்து பங்குதாரர் சம்பளத்தையும் மூலதன வட்டியையும் கழிக்கலாம் என்று இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். எளிமைக்காக வந்த திட்டம் ஏழைக் கூட்டுக்காரனுக்கு மட்டும் கசக்கிறது.

முன்பு இப்படி இருக்கவில்லை. பதிவு பெற்ற கூட்டு நிறுவனம் சிறு வரி ஒன்றைக் கட்டும். பிறகு லாபம் பங்கு பிரிந்து, அவரவர் கணக்கில் அவரவர் விகிதப்படி வரிக்கு உள்ளாகும். 1992ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதை மாற்றி, நிறுவனத்தைத் தனி ஆசாமியாக்கி வரியை அங்கேயே முடித்தது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. வேலையே செய்யாத அத்தை, பெரியம்மா பெயரையெல்லாம் பத்திரத்தில் எழுதி லாபத்தைச் சிதறடித்தவர்கள் அன்று நிறையப் பேர். ஆனால் அன்று ஆதார் இல்லை, ஒருவர் கணக்கை இன்னொருவர் கணக்கோடு ஒத்துப்பார்க்கும் கணினியும் இல்லை. இன்று எல்லாம் இருக்கிறது. காரணம் போன பிறகும் காரியம் நிற்கிறது. அமெரிக்காவில் கூட்டு வாணிபத்தின் லாபத்துக்கு மத்திய வருமான வரி நிறுவனத்தின்மேல் விழுவதில்லை; பங்குதாரர்கள் தங்கள் கணக்கில் காட்டிக் கட்டுகிறார்கள். முடியாத காரியம் ஒன்றுமில்லை.

பெரிய கம்பெனிகளோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். 2019இல், சலுகைகளை விட்டுக்கொடுக்கும் கம்பெனிகளுக்கு 22 சதவீதம் என்று குறைத்தார்கள். சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து ஏறத்தாழ 25.17 சதவீதம். தாராவியில் இட்லி மாவு அரைக்கும் சகோதரர்களின் மீதி லாபத்துக்கு 31.2 சதவீதம்.

இதற்கு ஆடிட்டர்கள் சொல்லும் பரிகாரம் ஒன்று உண்டு. கூட்டைக் கலைத்துவிடுங்கள், கடையை அண்ணன் பெயருக்கு மாற்றுங்கள், தம்பிக்குச் சம்பளம் போட்டுவிடுங்கள் என்பார்கள். வரிக் கணக்கில் அது சரிதான். ஆனால் இருபது வருஷம் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஷட்டர் தூக்கிய தம்பி, ஒரு கையெழுத்தில் கடையின் உரிமையாளன் என்ற நிலையிலிருந்து வேலைக்காரனாகிவிடுகிறான். அண்ணன் இருக்கும்வரை பிரச்சினை வராது. அண்ணன் பிள்ளைகள் தலையெடுத்து, கடை இருக்கும் இடம் கோடிக்கணக்கில் விலை போகும் நாளில், தம்பி கையில் என்ன காகிதம் இருக்கும்? வருஷத்துக்கு 90,000 மிச்சம் பிடிக்கப்போய் பங்கையே இழக்க வேண்டுமா? குடும்பத்தை இப்படி ஒரு முடிவுக்குத் தள்ளும் வரி முறையைத்தான் நான் குறை சொல்கிறேன்.

வீட்டுப் பெண்கள் நிலைமையைக் கேட்கவே வேண்டாம். மாவு அரைப்பதும் பொடி இடிப்பதும் அவர்கள்தாம். ஆனால் கணவருக்கு ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ லாபப் பங்குள்ள கடையில் மனைவிக்குச் சம்பளம் கொடுத்தால், அது கணவர் வருமானத்தோடு சேர்க்கப்படும். தொழில்நுட்ப அல்லது தொழில்முறை அறிவு, அனுபவம் காரணமாக வந்த சம்பளம் என்று காட்டினால்தான் தப்பிக்கலாம். நாற்பது வருஷம் பதம் பார்த்து மாவு கரைத்தது அனுபவமில்லை என்று யார் முடிவு செய்வது?

போதாக்குறைக்கு 2025 ஏப்ரல் 1 முதல் இன்னொரு சுமை வந்தது. பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பணமாகக் கொடுக்காமல் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தாக வேண்டும். மேலே சொன்ன சகோதரர்களில் ஒருவருக்குச் சம்பளம் நாலரை லட்சம். வரி கட்ட வேண்டியதில்லை. ஆனாலும் 45,000 ரூபாய் முதலில் அரசாங்கத்துக்குப் போய், ரிட்டர்ன் போட்ட பிறகு ரீஃபண்டாக வரும். அதுவரை சரக்குக்கு எங்கே போவது? மூன்று மாதத்துக்கு ஒருமுறை டி.டி.எஸ். கணக்கு வேறு கொடுக்க வேண்டும்; தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. குறிப்பிட்ட விற்றுமுதலுக்குக் கீழே உள்ள கூட்டுக் கடைகள், லாபத்தைப் பங்குதாரர் கணக்கிலேயே காட்டி வரி கட்ட விரும்பினால் அனுமதிக்கலாம். அதுவும் முடியாதென்றால் அந்த 8 சதவீதத் திட்டத்தில் சம்பளக் கழிவையாவது திருப்பித் தரலாம். வணிகர் சங்கங்கள் ஜி.எஸ்.டி.க்குக் காட்டும் வேகத்தில் கால்வாசி இதற்குக் காட்டினால் போதும். வெளி மாநிலத்தில் இருக்கும் நாம் நம் தொகுதி எம்.பி.யிடம் மனுக் கொடுக்கக் கூச்சப்படுகிறோம். ஓட்டு இங்கேதானே போடுகிறோம்?

அதுவரை அன்பர்கள் செய்யக்கூடியது, பெட்டியில் கிடக்கும் பார்ட்னர்ஷிப் பத்திரத்தை எடுத்துப் பார்ப்பது. பல பத்திரங்களில் ‘பங்குதாரர்கள் பேசி முடிவு செய்யும் சம்பளம்’ என்று மொட்டையாக எழுதியிருக்கும். தொகையோ கணக்கிடும் முறையோ பத்திரத்தில் இருக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டிலேயே வருமான வரித் துறை சுற்றறிக்கை விட்டிருக்கிறது. இல்லாவிட்டால் அந்த 9 லட்சமும் கழியாது. 93,600 ரூபாய் வரி 3,74,400 ஆகிவிடும். பழைய 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்ணைச் சொல்லி எழுதிய பத்திரமானால், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று இயற்றப்பட்ட 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்கள் வேறு என்பதையும் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச் கடைசியில் போய் நிற்க வேண்டாம். பத்திரத்தைத் திருத்தி எழுதினால், எழுதிய தேதிக்கு முந்திய மாதங்களின் சம்பளத்துக்கு அது செல்லாது.